உறியும் செடியும்

ஒரு பொருள் எப்பொழுது குப்பையாகிறது? அது கிழிந்தபொழுதா? நிறம் மங்கியபொழுதா? அல்லது அதனை உடையவர் அதன்மீது வைத்த கருத்தை எடுத்துக்கொண்டபொழுதா? கிழிந்த வேட்டி ஒரு வீட்டில் குப்பைக்குப் போகிறது. அடுத்த வீட்டில் விளக்குத் திரியாகி ஒளி தருகிறது. துணி ஒன்றுதான், கிழிசலும் ஒன்றுதான். வேறுபாடு துணியில் இல்லை. அதைப் பார்த்த கண்ணிலும் எடுத்த கையிலும் இருக்கிறது. ஆகவே, பொருள்களின் ஆயுளை வரையறுப்பதில் மனிதரின் அறிவுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவு. இவ்வுண்மையைக் காணப் பெரிய தொழிற்சாலைகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. பழந்துணியாலும் பழந்தோலாலும் ஆக்கப்பட்டு, ஒரு செடித்தொட்டியைத் தாங்கித் தாழ்வாரத்தில் தொங்கும் சிறிய உறியே அதற்குப் போதிய சான்றாகும்.

உறி தமிழர்க்குப் புதியது அன்று. பாலும் தயிரும் வெண்ணெயும் வைத்த பானைகள் எலிக்கும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதவாறு வீட்டு உத்திரத்தில் உறிகட்டித் தொங்கவிடப்பட்டன. உறியடி விழா இன்றும் ஊர்தோறும் நடைபெறுகிறது. வெண்ணெய் உறியில் இருக்க நெய்க்கு அலைவானேன் என்னும் வழக்கு இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. உறிக்குச் சிமிலி என்றொரு பழம்பெயரும் உண்டு. மதுரைக் காஞ்சியில் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. தென்னைநாரைத் திரித்துப் புரிகளாக்கி, அடியில் புரிமணை போன்ற வளையம் அமைத்து, மேலே ஒரு முடிச்சில் அனைத்தையும் கூட்டிய அந்த எளிய அமைப்பில் ஓர் உயர்ந்த அறிவு அடங்கியுள்ளது. அளவில் சிறியதும் பெரியதுமான எந்தப் பானையையும் அது தாங்கும். தரையில் ஓர் அடி இடத்தையும் அது கேட்பதில்லை. இன்று நகரத்துக் கடைகளில் 'மேக்ரமே' என்னும் பெயரோடு விலைக்கு வரும் செடித்தொங்கல்களும் இந்த உறியின் இனத்தைச் சேர்ந்தவையே. பெயர் கடல் கடந்து வந்தது. பொருள் பாட்டி வீட்டில் இருந்தது.

துணியின் வரலாறும் இத்தகையதே. ஒரு புடவை புதிதாய் வந்த நாள்முதல் அது முற்றும் தேய்ந்து மறையும் நாள்வரை எத்தனை பிறவிகள் எடுத்தது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். திருநாளில் உடுத்தப்பட்ட சேலை பின்னர் அன்றாட உடையாயிற்று. நூல் நைந்தபின் அதுவே குழந்தைக்குத் தூளியாயிற்று. தூளிக்கும் தாங்காத நிலையில் மடித்துத் தைக்கப்பட்டு விரிப்பாயிற்று. பின்பு சுமை தூக்குவோர் தலைக்குச் சும்மாடும், அடுப்பிலிருந்து பானையை இறக்கும் கரித்துணியும் ஆயிற்று. சித்த மருந்து செய்வோர் மருந்துக்கலத்தின் வாயைக் களிமண் பூசிய கந்தையால் மூடிச் சீலைமண் செய்தனர். இறுதியில் எஞ்சிய இழையும் மண்ணில் மட்கி எருவாயிற்று. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற முதுமொழி தூய்மையை மட்டும் கற்பிப்பது அன்று. கந்தைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறது.

இப்பண்பு தமிழகத்துக்கு மட்டும் உரியது என்று கருதுதல் பொருந்தாது. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்தனர். சப்பானிய உழவர்கள் பழந்துணியைக் கிழித்து நாடாவாக்கி, அதனை ஊடிழையாகக் கொடுத்துப் புதிய துணி நெய்தனர். துணி அருமையாய் இருந்த இடமெல்லாம் அறிவும் அருமையாய் இருந்தது என்றே கூறலாம்.

ஆனால் இன்றைய நிலை வேறு. துணி மலிந்துவிட்டது, மலிந்ததனால் மதிப்பும் இழந்துவிட்டது. ஒருமுறை அணிந்த சட்டை மறுமுறை அணியத்தகாதது என்று எண்ணுவோரும் உளர். கடையில் அச்சட்டையின் விலை சிறிது. ஆயினும் நிலமும் நீரும் அதற்காகக் கொடுத்த விலை சிறிதன்று. ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்து அதனை உடையாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. உடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் 100-இல் ஒரு பங்குக்கும் குறைவானதே மீண்டும் உடையாகிறது என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி புதைக்கப்படுகிறது, அல்லது எரிக்கப்படுகிறது.

தமிழகத்தில் துணிக்குத் திருப்பூரும், தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும் பெயர் பெற்றவை. திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணி உலகின் பல நாடுகளுக்குச் செல்கிறது. சட்டையின் முன்பகுதி, பின்பகுதி, கை, கழுத்து என வடிவம் வடிவமாக வெட்டும்பொழுது, வடிவங்களுக்கு இடையே எஞ்சும் துண்டுகள் கழிவாகின்றன. 100 கிலோ துணியை வெட்டினால் 10 முதல் 15 கிலோ வரை இவ்வாறு கழிவது வழக்கம். தோலின் கதை இதனினும் கடுமையானது. 1,000 கிலோ பச்சைத்தோலைப் பதனிட்டால் ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ தோலே பயனுக்குக் கிடைக்கும். அவ்வாறு அரிதிற் கிடைத்த தோலிலும், செருப்பும் பையும் வெட்டும்பொழுது மூலைகளும் ஓரங்களும் ஒதுக்கப்படுகின்றன. விலங்கின் உடல் ஒழுங்கான சதுரம் அன்று. ஆதலின் தோலை வீணாகாமல் வெட்டுதல் துணியை வெட்டுதலினும் கடினம்.

இத்தொழில்களால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது உண்மை. அவற்றின் பொருட்டு ஆறுகள் பட்ட துன்பமும் உண்மையே. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அந்நீரை நம்பிய உழவர் வருந்தினர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பாலாற்றங்கரையில் தோற்பட்டறைகளின் கழிவுநீரால் நிலமும் கிணறும் கெட்டன. அவ்வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய ஈட்டைத் தர வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தியது. ஒரு துண்டுத் துணியையும் ஒரு துண்டுத் தோலையும் குப்பையில் எறிகின்றவர், அவற்றை மட்டும் எறிவதில்லை. அவற்றுக்காக ஓர் ஆறு இழந்த தூய்மையையும் சேர்த்தே எறிகின்றார். இவ்வளவு பெரிய விலை கொடுத்துப் பெற்ற பொருளை, அதன் வலிமை இருக்கும்வரை பயன்படுத்துவது கடமையன்றோ?

பழையதைப் பயன்படுத்துவதிலும் இருவகை உண்டு. திருப்பூர் வெட்டுத்துணி முழுவதும் வீணாகிறது என்று கருதிவிடக் கூடாது. அது நிறவாரியாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி இயந்திரம் துடைக்கும் துணியாகிறது. ஒரு பகுதி தலையணைக்குள் அடைக்கப்படுகிறது. ஒரு பகுதியை மீண்டும் பஞ்சாக்கி நூற்கும் ஆலைகளும் கொங்கு நாட்டில் உள்ளன. இவை போற்றத்தக்க தொழில்களே. எனினும், துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்பொழுது இழையின் நீளம் குறைகிறது. முன்னைய நூலின் மென்மையும் வலிமையும் மீள்வதில்லை. நூற்றவர், பின்னியவர், சாயமேற்றியவர் ஆகியோரின் உழைப்பும் அழிந்துவிடுகிறது. துணியைத் துணியாகவே, தோலைத் தோலாகவே வைத்துக்கொண்டு அதனைக் காட்டிலும் மதிப்புள்ள வேறொன்றாக மாற்றுவது இரண்டாவது வகை. இதில் பொருளும் நிற்கிறது. அதனுள் உறைந்த உழைப்பும் நிற்கிறது. புதிய உழைப்பும் சேர்கிறது. பழந்துணியிலும் தோலிலும் செய்யும் செடியுறி இவ்வகையைச் சேர்ந்தது.

அதனைச் செய்யும் முறை எளியது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் உண்டு. பழைய பனியன் ஒன்றைக் கைகளுக்குக் கீழே குறுக்காக வெட்டினால் ஒரு துணிக்குழல் கிடைக்கும். அக்குழலைச் சுற்றிச் சுற்றி, மாம்பழத் தோலைச் சீவுவதுபோல, 3 சென்டிமீட்டர் அகலத்தில் தொடர்ந்து வெட்டிச் சென்றால், முடிச்சில்லாத ஒரே நாடா பத்து மீட்டருக்கும் மேலாகக் கிடைக்கும். அந்நாடாவை இழுத்துவிட்டால் அதன் இருவிளிம்புகளும் தாமே உட்சுருண்டு, நாடா உருண்டையான கயிறாகிவிடும். பின்னல் துணியின் கண்ணிகள் ஒருபுறமாகச் சுருளும் இயல்புடையனவாதலின் இது நிகழ்கிறது. வேட்டி, புடவை, சட்டை முதலிய நெய்த துணிகளுக்கு இவ்வியல்பு இல்லை. அவற்றை நெடுக்கில் கிழித்து, மும்மூன்று நாடாக்களைச் சடைபோலப் பின்னிக்கொள்ள வேண்டும். தனித்த இழை அறும். பின்னிய புரி தாங்கும்.

மூன்று மீட்டர் நீளமுள்ள நான்கு கயிறுகளை நடுவில் மடித்தால் எட்டுக் கால்கள் அமையும். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, மடிப்பிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கீழே ஒவ்வோர் இணைக்கும் ஒரு முடிச்சு இட வேண்டும். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, ஓர் இணையிலிருந்து ஒரு காலும் அடுத்த இணையிலிருந்து ஒரு காலுமாக எடுத்து முடிச்சிட்டால் வலை போன்ற அமைப்பு உண்டாகும். அதற்கும் கீழே எட்டுக் கால்களையும் ஒன்றுகூட்டி இறுக முடிந்தால், தொட்டி அமரும் மடி ஆயத்தமாகும். எஞ்சிய நுனிகள் குஞ்சம்போலத் தொங்கும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலிமை சற்றுக் குறையுமாதலின், அழகுக்காக வேண்டாத முடிச்சுகளை இடுதல் கூடாது. பனியன் துணி நெகிழும் இயல்புடையது; தொட்டியைத் தொங்கவிட்ட சில நாள்களில் அது சற்றுத் தாழும். ஆகவே, முதலில் சில நாள் சுமையுடன் தொங்கவிட்டு, நெகிழ்ச்சி தீர்ந்தபின் உயரத்தைச் சரிசெய்தல் அறிவுடைமை.

இனித் தோலுக்கு வருவோம் என்றால், முதலில் தோல் எது, தோல்போலத் தோன்றுவது எது என்று பிரித்தறிதல் வேண்டும். துண்டின் பின்புறத்தைப் பார்த்தால் உண்மை புலப்படும். உண்மைத் தோலின் பின்புறம் நார்நாராய் இருக்கும். ரெக்சினின் பின்புறத்தில் துணி ஒட்டியிருக்கும். ரெக்சின் நாளடைவில் வெடித்து உரிந்துவிடும். சுமை தாங்க அதனை நம்புதல் ஆகாது. உண்மைத் தோலிலும் இருவகை உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பால் பதனிட்டது ஒருவகை; குரோமிய உப்பால் பதனிட்டது மற்றொரு வகை. முன்னது தமிழகத்தின் பழைய முறை; நீரில் அடிக்கடி நனைந்தால் கருத்து விறைத்துப்போகும். பின்னது நீரைச் சற்று மிகுதியாகத் தாங்கும். ஆயினும் குரோமியத் தோலின் துண்டுகளை எரித்தல் பெருந்தீங்கு. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை மிக்க வேறு வடிவத்துக்கு மாறக்கூடும். எரிக்கத் தகாத பொருளை எறிவதைக் காட்டிலும் பயன்படுத்துவது நன்று என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறியில் தோலுக்கு உரிய இடம் எது? கொக்கியில் மாட்டும் உச்சியே அதற்குரிய இடம். காற்றில் உறி அசையும்தோறும் இரும்பும் கயிறும் உராய்கின்றன. துணி அவ்வுராய்வில் விரைவில் தேய்ந்து அறும்; தோல் நெடுங்காலம் நிற்கும். எனவே, பழைய இடுப்புவாரில் பதினைந்து சென்டிமீட்டர் வெட்டி மடித்து, மெழுகு தடவிய நூலால் தைத்து, அதனுள் துணிக்கயிறுகளைச் செலுத்துதல் வேண்டும். தொட்டியின் அடிப்புறமோ நீர் சொட்டும் இடம். அங்கே மென்மையும் காற்றோட்டமும் உள்ள துணிவலையே தகும். உராயும் இடத்தில் தோலும், அணைத்துத் தாங்கும் இடத்தில் துணியுமாக இரண்டும் தத்தம் இயல்புக்கேற்ற பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. முழுவதும் தோல்வாரால் உறி செய்ய விரும்புவோர் மூன்று வார்களே கொள்ளுதல் நலம். நெகிழாத வார்கள் நான்கு இருப்பின், ஒன்று சிறிது நீண்டாலும் சுமை மற்றவற்றின்மேல் விழுந்துவிடும். மூன்று வார்களாயின் மூன்றும் சுமையைப் பகிர்ந்தே தீரும். முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே. தோலில் துளையிடும்பொழுது கத்தியால் கீறுதல் கூடாது. கீறல் சுமையால் நீண்டு கிழிந்துவிடும். வட்டமான துளையே வேண்டும். அதுவும் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருத்தல் வேண்டும்.

தொட்டியின் சுமையையும் கணக்கிடல் வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள மண்தொட்டி, மண்ணும் செடியும் நீரும் சேர்ந்தபொழுது மூன்று கிலோவுக்கும் மேல் கனக்கும். ஆதலின், செய்து முடித்த உறியில் அதனைப்போல் இருமடங்கு எடையுள்ள செங்கற்களை ஒருநாள் முழுவதும் தொங்கவிட்டுச் சோதித்த பின்னரே செடியை வைத்தல் தகும். சுவரின் காரைப் பூச்சில் அடித்த ஆணியை நம்பாமல், உத்திரத்திலோ உறுதியான கொக்கியிலோ மாட்டுதல் வேண்டும். மனிதர் அமரும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் நேர்மேலே தொங்கவிடல் ஆகாது. பருத்தி மட்கும் பொருள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கயிற்றை இழுத்துப் பார்த்து, நைந்திருந்தால் மாற்றுதல் வேண்டும்.

மண்ணிலும் சிக்கனம் உண்டு. செம்மண்ணோடு மட்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்தால் தொட்டியின் கனம் குறையும். ஈரமும் நெடுநேரம் நிற்கும். இத்தென்னைநார்க் கழிவும் ஒருகாலத்தில் வேண்டாப் பொருளாகக் குவிந்து கிடந்ததே. இன்று பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து வெளிநாடுகளுக்கு விலையாகிச் செல்கிறது. கற்பூரவல்லி, புதினா, பெரணி முதலியன உறித்தொட்டிக்கு ஏற்றவை. தொங்கும் தொட்டியை எப்புறமும் காற்றுத் தழுவுவதால் மண் விரைவில் உலரும். ஆகவே சிறிது சிறிதாக நாள்தோறும் நீர்விடல் நன்று. அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை உடனுக்குடன் கொட்டிவிடல் வேண்டும். இன்றேல் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு அத்தட்டே தொட்டிலாகிவிடும்.

இம்முயற்சியைக் குறித்துச் சிலர் ஐயம் எழுப்பக்கூடும். ஊரெங்கும் துணிமலை குவிந்து கிடக்க, ஒரு பனியனை உறியாக்குவதால் ஆவது என்ன என்று அவர்கள் கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. பத்தாயிரம் உறிகள் தொங்கினாலும் நொய்யல் தெளிந்துவிடாது. ஆற்றைக் காக்கச் சட்டமும், கழிவுநீர் நிலையங்களும், நேர்மையான கண்காணிப்பும் வேண்டும். கைத்தொழிலைக் காட்டி அக்கடமைகளிலிருந்து தப்பிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், உறி செய்வதன் பயனை எடையால் அளப்பது பொருந்துமா? தன் கையால் ஒரு பனியனை வெட்டிப் பின்னியவன், அடுத்த பனியனைக் கடையில் எடுக்கும்பொழுது, இது உண்மையில் வேண்டுமா என்று ஒருமுறை எண்ணுகிறான். தையல் உறுதியானதா, துணி நீடிக்குமா என்று திருப்பிப் பார்க்கிறான். உறியின் முதற்பயன் செடியைத் தாங்குவது. அதனினும் பெரிய பயன், செய்தவனின் பார்வையைத் திருத்துவது.

மற்றோர் ஐயமும் உண்டு. பழமையைப் போற்றுதல் ஒரு புதிய ஆடம்பரமாகிவிட்டது என்பர். அதுவும் பொய்யன்று. புதிய துணியை வாங்கி வெட்டி, 'பழந்துணியாற் செய்தது' என்று பெயரிட்டு மிகுந்த விலைக்கு விற்பதும், நன்றாயிருக்கும் தோற்பையை உறியாக்கும் ஆசையால் வெட்டிச் சிதைப்பதும் ஆங்காங்கே நிகழ்கின்றன. இவை சிக்கனம் ஆகா. சிக்கனத்தின் வேடமே ஆகும். உடுக்கத்தக்க உடையை உடுக்க வேண்டும். கிழிந்தால் தைக்க வேண்டும். தனக்கு வேண்டாததைப் பிறருக்கு உதவ வேண்டும். இவற்றுள் எதற்கும் உதவாதபொழுதே வேறொன்றாக மாற்ற வேண்டும். இவ்வரிசையை மறந்தால் கலை இருக்கும், அறம் இராது. கந்தையைப் போற்றுமாறு ஏழைக்கு அறிவுரை கூறுவதும் தகாது. ஏழையின் வீட்டில் துணி வீணானதே இல்லை. அறிவுரை வேண்டுவோர், அலமாரி நிறைந்து வழிந்தும் உடுக்க ஒன்றுமில்லை என்று வருந்துவோரே.

எல்லாவற்றிலும் ஆழமான தடை ஒன்று உள்ளது. அது தோல் என்றவுடன் சிலர் முகத்தில் தோன்றும் அருவருப்பு. பல நூற்றாண்டுகளாகத் தோலைத் தொட்டுத் தொழில்செய்தவரைச் சமூகம் தொடாமல் ஒதுக்கிற்று. அவர் பதனிட்ட தோலில் ஆன செருப்பை அணிந்து நடந்தது. அவர் கைபட்ட தோலில் எழுந்த மத்தள ஒலியை விழாக்களில் கேட்டு மகிழ்ந்தது. அவரை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்திற்று. இதனினும் பெரிய நன்றியின்மை வேறு உண்டோ? 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டத்திலிருந்து அகன்ற அக்கறை மனத்திலிருந்தும் அகல வேண்டுமாயின், எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து தோலைத் தொட்டு, துளையிட்டு, தைத்துப் பழக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபொழுது காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையிட்ட ஸ்மட்சு என்னும் தலைவருக்குத் தம் கையாற் செய்த செருப்பை 1914-இல் பரிசளித்தார். அச்செருப்பை ஸ்மட்சு பல ஆண்டுகள் போற்றி வைத்திருந்து 1939-இல் திருப்பி அனுப்பினார். பகைமையைக் கடக்க ஒரு சொற்பொழிவால் இயலாததை ஒரு சோடிச் செருப்பு இயற்றியது.

கைத்தொழில் வழியாகக் கல்வி தரவேண்டும் என்ற கருத்து 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலேயே வலியுறுத்தப்பட்டது. உறி செய்யும் ஒரு வகுப்பில் எத்தனை பாடங்கள் அடங்கியுள்ளன! நாடாவின் நீளத்தைக் கணிப்பது கணக்கு. சுமையைப் பகிர்வது இயற்பியல். தோல் பதனிடுவது வேதியியல். செடியை வளர்ப்பது உயிரியல். உறியின் கதை மொழியும் வரலாறும். இவற்றுக்கு ஆகும் பொருட்செலவோ ஏறத்தாழ இல்லை. தையற்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி கிடைக்கும். செருப்புத் தைப்பவரிடம் கேட்டால் துண்டுத்தோல் கிடைக்கும். ஆயினும் அவர்களிடமிருந்து பெறத்தக்கது துண்டு மட்டும் அன்று. குத்தூசியை எவ்வாறு பிடிப்பது, நூலுக்கு மெழுகு ஏன் தடவுவது, எவ்விடத்தில் தையல் முதலில் விடும் என்பவற்றை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? தெருவோரத்தில் அமர்ந்து செருப்புத் தைக்கும் ஒருவரைப் பள்ளி ஒருநாள் ஆசிரியராக அழைத்து இருக்கை தந்து அமரச்செய்யுமாயின், அன்று மாணவர் கற்கும் பாடம் எந்நூலிலும் எழுதப்படாத பாடமாகும்.

இத்தகைய மாற்றம் இயலாதது என்று எண்ண வேண்டுவதில்லை. மஞ்சட்பையைக் கையில் எடுத்துச் செல்வோரை நாட்டுப்புறத்தார் என்று நகையாடிய காலம் ஒன்று இருந்தது. நெகிழிப்பை வந்து மண்ணையும் நீர்வழிகளையும் அடைத்தபின், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு முதல் தடை விதித்தது. 2021 டிசம்பர்த் திங்களில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. நகைப்புக்கு உரியதாயிருந்த பை பெருமைக்கு உரியதாயிற்று. பையின் துணி மாறவில்லை. பார்த்தவரின் கருத்தே மாறிற்று. கந்தல் துணிக்கும் துண்டுத் தோலுக்கும் அத்தகைய நாள் வருதல் அரிதன்று.

பயன் தீர்ந்தது என்று ஒரு பொருளைத் தள்ளுமுன், தீர்ந்தது பொருளின் பயனா, தன் பொறுமையா என்று ஒவ்வொருவரும் வினவிக்கொள்ளுதல் வேண்டும். நைந்த துணிக்கும் தாங்கும் வலிமை சிறிது உண்டு; ஒதுக்கப்பட்ட தோலுக்கும் உராய்வைப் பொறுக்கும் உறுதி உண்டு. தனித்தனியே குப்பை எனப்பட்ட அவ்விரண்டையும் அறிந்த கை ஒன்று சேர்க்கும்பொழுது, அவை ஓர் உயிரைத் தாங்கி நிற்கின்றன. பொருள்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்தும். எவரையும் எதனையும் எளிதில் ஒதுக்காத நாடே வளம் உள்ள நாடு.